கைத்தொழிற் கல்வியும் நம் வாலிபர்களும்

தாவூது நபி (அலை) அவர்கள் இரும்பைக் கொண்டு கவசம் செய்தார்கள். நூஹு நபி (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தார்கள். தன் கையால் உழைத்து உண்பதைவிட மேலான உணவு இல்லை என்பது நம் பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. மதரஸாவில் ஓதிய எவரும் இதை அறிவர். அப்படியிருக்க, “மகன் மின்சார வேலை படிக்கிறான்” என்று சொல்ல நம் வியாபாரிகளில் பலர் கூசுவதேன்?

நம் தகப்பனார் காலத்தில் ஒரு மளிகைக் கடை பத்துப் பேருக்குச் சோறு போட்டது. இன்றோ பேரங்காடிகள் பெருகிவிட்டன. வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசியில் சரக்கு வரவழைக்கிறார்கள். கடைக்கு ஒரு கல்லாதான் உண்டு. மூன்று பிள்ளைகளை அதன்முன் உட்கார வைக்க இயலாது. எஸ்.பி.எம். பரீட்சையில் புள்ளிகள் குறைந்த பிள்ளையை ஒன்று கடைக்கு இழுத்துக்கொள்கிறோம். அல்லது கடன்பட்டு ஏதோ ஒரு பட்டத்துக்குச் சேர்த்துவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. அதுவே சமூகக் கல்லூரி.

சமூகக் கல்லூரி என்பது யாது?

ஊராருக்கு அருகிலேயே, குறைந்த செலவில், பிழைப்புக்கான தொழிலைக் கற்பிக்கும் கல்லூரி இது. அமெரிக்காவில் 1901 இல் ஜோலியட் நகரில் தோன்றிய கல்லூரியே இவ்வகைக்கு முன்னோடி. சென்னையில் 1996 இல் ஒரு சமூகக் கல்லூரி ஏற்பட்டது. மலேசிய அரசாங்கம் 2001 இல் இவற்றைத் தொடங்கியது. நம் பகாங் மாநிலத்தில் குவாந்தான், ரவூப், பெந்தோங் முதலிய ஊர்களில் இவை நடைபெறுகின்றன.

மின்சார இணைப்பு, குளிர்சாதனம், வாகனப் பழுது, சமையல், ரொட்டி கேக் தயாரிப்பு, தையல், ஹோட்டல் நிர்வாகம் போன்ற பாடங்கள் இந்நாட்டுச் சமூகக் கல்லூரிகளில் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் இராது; விசாரித்தறிதல் வேண்டும். வகுப்பில் கேட்டதைப் பட்டறையில் செய்து பழகுவர். பிறகு உண்மையான தொழிலகத்தில் சில மாதம் பயிற்சி பெறுவர். பெரியவர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. கடை வைத்திருப்போரும் கணக்கு, கணினி முதலியவற்றைக் கற்கலாம்.

படிக்கட்டு போன்ற கல்வி

“இது வெறும் சர்டிபிகேட்தானே, பட்டமாகுமா?” என்பது பெற்றோர் கேட்கும் கேள்வி. இந்நாட்டுக் கல்வித் தகுதிகள் எட்டுப் படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதல் மூன்றும் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா, ஆறாவது இளநிலைப் பட்டம். சான்றிதழ் பெற்றவன் தேர்ச்சிக்கு ஏற்ப டிப்ளோமாவுக்குப் போகலாம். 1969 இல் ஈப்போவில் ஏற்பட்ட உங்கு ஒமார் பாலிடெக்னிக் போன்றவை அதற்கு உள்ளன. அதற்கும் மேலே தொழில்நுட்பப் பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் பகாங்கிலேயே பெக்கானில் இருக்கிறது. ஒரு படியில் நின்றுவிட்டாலும் கையில் தொழில் இருக்கும். பாதியில் விட்ட வெறும் பட்டப்படிப்புக்கு இந்த ஆதாயம் இல்லை.

நம் மலைநாட்டின் தேவை

ரிங்லெட்டைச் சுற்றிப் பாருங்கள். காய்கறியும் பூவும் கெடாதிருக்கக் குளிரறை வேண்டும். அதைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும். மலைப்பாதையில் ஓடும் லாரிகளுக்கு மெக்கானிக் வேண்டும். விருந்தினர் விடுதிகளுக்குச் சமையல் வல்லுநர் வேண்டும். 1963 இல் கட்டி முடிந்த சுல்தான் அபு பக்கர் அணையும், 1929 இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் யந்திரமும் அதை அறிந்த கைகளும் இல்லாமல் நடவா. தையலும் ரொட்டித் தொழிலும் கற்ற நம் பெண்மக்கள், வீட்டிலிருந்தே ஹலாலான வருமானம் காணலாம்.

சேர்க்குமுன் கவனிக்க வேண்டியவை

1. பாடம் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். திறன் சான்றிதழாயின் திறன் மேம்பாட்டு இலாகாவின் அங்கீகாரம் வேண்டும். விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

2. பயிற்சிக்கு எத்தனை மாதம் எந்தத் தொழிலகத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

3. பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். யந்திரத்தைக் கண்டு ஓடுபவனை யந்திரத்தோடு கட்டுவது வீண்.

திருச்சியில் 1951 இல் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்தது, வியாபாரத்தில் தேடிய பொருளைக் கல்விக்கு ஈந்த நம் பெரியோர்களால். நாம் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. கட்டிய கல்லூரிகள் காத்திருக்கின்றன. வெளியூரில் தங்கிப் படிக்க வழியற்ற ஒரு பிள்ளையின் முதற்பருவச் செலவை ஆண்டுதோறும் நம் சங்கத்தார் ஏற்பார்களாயின், அதுவே நிலையான தர்மமாகும். கடையைப் பிள்ளைக்கு விட்டுச் செல்வோர், அதனுடன் ஒரு தொழிலையும் அவன் கையில் கொடுத்துச் செல்வார்களாக. அல்லாஹ் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.