வெள்ளி நீர் எல்லா நோய்க்கும் மருந்தா? – ஓர் ஆய்வு

நமக்கு நன்கு அறிமுகமான இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தபோது, பூசை அறைக்கு அடுத்த அலமாரியில் கருநீல நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கண்டோம். அவ்வில்லத்து மூதாட்டியார் நாள்தோறும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் அதிலிருந்து இரண்டு தேக்கரண்டி அருந்துவாராம். என்ன மருந்து என வினவினோம். “மருந்தன்று, வெள்ளி நீர், இயற்கையானது, பக்க விளைவே கிடையாது” என்று விடை கிடைத்தது. உறவினர் ஒருவர் வாங்கித் தந்தாராம். அதனுடன் வந்த துண்டுத் தாளில் சளி, மூட்டுவலி முதல் நீரிழிவு, காசநோய், புற்றுநோய் வரை ஏறத்தாழ முப்பது நோய்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. அம்மையார் பல்லாண்டுகளாகத் தைராய்டு குறைபாட்டிற்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். அம்மாத்திரையையும் இந்நீரையும் அவர் ஒரே வேளையில் அருந்தி வந்தார் என்பதை அறிந்தபோதுதான் இப்பொருள் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று எண்ணினோம்.

முதலில் இந்நீர் யாது என்பதைக் காண்போம். வெள்ளியை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்க விட்டால் அது கூழ்ம வெள்ளி எனப்படும். பாலில் கொழுப்புத் துளிகள் அடியில் தங்காமலும் முற்றிலும் கரையாமலும் நிற்பதைப் போன்ற நிலை இது. இரண்டு வெள்ளிக் கம்பிகளைத் தூய நீரில் நிறுத்தி மின்கலத்தோடு இணைத்தால் வீட்டிலேயே இதனைச் செய்துவிடலாம். அதனால்தான் அமெரிக்காவில் பலர் தாமே தயாரித்துத் தாமே குடிக்கத் தலைப்பட்டனர். இவ்வாறு செய்யும் நீரில் துகள்கள் மட்டுமல்லாது, மின்னூட்டம் பெற்ற வெள்ளி அயனிகளும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்பதனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

வெள்ளிக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டா எனின், உண்டு. இதனை மறுப்பது அறிவுடைமை ஆகாது. 1880-ஆம் ஆண்டை ஒட்டி, ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்களில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு துளி விடும் வழக்கத்தைத் தொடங்கினார். தாயிடமிருந்து தொற்றும் மேகவெட்டைக் கிருமியால் அந்நாளில் அம்மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் கண்நோய்க்கு ஆளாயினர். பலர் பார்வையையே இழந்தனர். ஒரு துளி மருந்தால் அத்தொகை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் கண்ணொளியை அது காத்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. இன்றும் தீப்புண்ணுக்கு இடும் சில்வர் சல்ஃபாடயஸின் களிம்பு 1960-களின் இறுதியில் உருவானது. புண்களின் மேல் இடும் சில வகைக் கட்டுத்துணிகளிலும், நீர் வடிகட்டிகளின் கரித்துண்டுகளிலும் வெள்ளி பூசப்பெறுகின்றது.

உள்ளுக்குக் கொடுக்கும் வெள்ளி மருந்துகளும் ஒருகாலத்தில் மருத்துவர் கைகளில் இருந்தவையே. அமெரிக்காவில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்னும் மருத்துவர் 1902-இல் ஜெர்மானிய வேதியியலர் ஒருவருடன் சேர்ந்து ‘ஆர்ஜிரால்’ என்ற வெள்ளி மருந்தை விற்பனைக்குக் கொணர்ந்து பெருஞ்செல்வம் ஈட்டினார். அச்செல்வத்தைக் கொண்டு ரென்வார், செசான் முதலிய ஓவியர்களின் படைப்புகளை வாங்கிக் குவித்தார். ஃபிலடெல்ஃபியா நகரில் அவர் பெயரால் விளங்கும் ஓவியக்கூடம் அவ்வாறு பிறந்ததே. அவர் 1929-இல் தம் நிறுவனத்தை விற்றுவிட்டார். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் வந்து சேரவே, வெள்ளி மருந்துகள் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. எவரோ சூழ்ச்சி செய்து ஒழித்தார்கள் என்று விளம்பரதாரர் கூறுவர். உண்மை அதுவன்று, அவற்றைவிட நன்கு வேலை செய்த மருந்துகள் கிடைத்தன, மருத்துவர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டனர், அவ்வளவே.

இனி, தலையாய ஐயத்திற்கு வருவோம். கண்ணாடிக் கிண்ணத்தில் கிருமியைக் கொல்வது வயிற்றுக்குள் சென்றும் கொல்லாதோ? இங்கேதான் பலரும் இடறி விழுகின்றனர். நம் வாசகருள் பள்ளி, கல்லூரிகளில் வேதியியல் பயின்றோர் ஆய்வுக்கூடத்தில் உப்பைக் கண்டறியும் சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சில துளி விட்டவுடன் தயிர் திரிந்தாற்போல வெண்ணிற வீழ்படிவு தோன்றும். வெள்ளி அயனி குளோரைடைக் கண்டவுடன் அதனோடு கூடிக் கரையாப் பொருளாகிவிடுகின்றது. நம் இரைப்பையிலோ ஹைட்ரோகுளோரிக் அமிலம்; குருதியிலோ உப்பு; அதற்கு மேல் வெள்ளியைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் எண்ணிறந்தன. கிருமி இருக்கும் இடத்தைச் சென்று அடையுமுன் அந்த அயனியின் கைகள் கட்டப்பட்டுவிடுகின்றன. புண்ணின் மேல் தடவும் களிம்பிற்கு இந்த நெடும்பயணம் இல்லை. ஆகவே மேற்பூச்சில் கண்ட பயனை உட்கொள்ளும் நீருக்கும் ஏற்றிச் சொல்வது பொருந்தா வாதம். சலவைத்தூளும்தான் கிண்ணத்தில் உள்ள கிருமியைக் கொல்லும். அதனை யாரும் அருந்துவதில்லை.

‘வெள்ளி 650 வகை நோய்க்கிருமிகளைக் கொல்லும்’ என்னும் தொடர் ஏறத்தாழ எல்லா விளம்பரங்களிலும் காணப்படுகின்றது. மூதாட்டியார் வீட்டுத் துண்டுத் தாளிலும் அது இருந்தது. எந்த ஆய்வில், எவ்வளவு வெள்ளியால், மனிதர்க்கா கிண்ணத்திலா என்ற விவரம் எதுவும் அதில் இல்லை.

வரலாற்றுச் சான்றுகளும் காட்டுகின்றனர். பாரசீகப் பேரரசன் சைரசு போருக்குச் செல்லுங்கால் வெள்ளிக் குடங்களில் நீர் கொண்டுசென்றான் என்பது அவற்றுள் ஒன்று. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் அவ்வாறு எழுதியிருப்பது மெய்யே. ஆனால் அவர் அதே இடத்தில், அந்நீர் காய்ச்சப்பட்ட நீர் என்றும் எழுதியுள்ளார். விளம்பரதாரர் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காய்ச்சியதை விட்டுவிட்டனர்! வடிகட்டிக் காய்ச்சிய நீரின் அருமையை நம் சமணக் குடும்பங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஐரோப்பியப் பிரபுக்களை ‘நீல இரத்தத்தார்’ என்று அழைத்தது அவர்கள் வெள்ளிப் பாத்திரத்தில் உண்டதனால்தான் என்பது மற்றொரு கதை. அத்தொடர் ஸ்பெயின் நாட்டு உயர்குடியினரைக் குறித்து எழுந்தது. வெயிலில் உழைக்காத வெளிறிய தோலின் வழியே நரம்புகள் நீலமாகத் தெரிந்தமையே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. விண்வெளி வீரர்கள் வெள்ளி கலந்த நீரைக் குடிக்கின்றனர் என்பது மூன்றாவது. ரஷ்ய வீரர்களைப் பொறுத்தவரை அது சரியே. எனினும், தேக்கி வைத்த நீரில் கிருமி வளராதிருக்கவே மிகச் சிறிதளவு வெள்ளி அதில் சேர்க்கப்படுகிறது. வீரரின் நோயைத் தீர்ப்பதற்காக அன்று.

அமெரிக்க அரசின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இப்பொருளை ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓர் இறுதி விதியை வெளியிட்டது. கூழ்ம வெள்ளியோ வெள்ளி உப்புகளோ கலந்து, மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் எந்த மருந்தும் பாதுகாப்பானது, பயனுள்ளது என ஏற்றுக்கொள்ளத்தக்கதன்று என்பதே அதன் சாரம். அவ்வாறாயின் அந்நாட்டில் இன்றும் அது எப்படி விற்கப்படுகிறது எனக் கேட்கலாம். 1994-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி ‘துணை உணவு’ என்ற பெயரில் விற்பதற்கு முன் அனுமதி வேண்டுவதில்லை. நோயைத் தீர்க்கும் என்று மட்டும் சொல்லுதல் கூடாது. எனவே புட்டியின் மேல் ‘எதிர்ப்பாற்றலுக்குத் துணைபுரியும்’ என்று அடக்கமாக அச்சிடுவர். விற்பவர் வாயோ புற்றுநோய் வரை பேசும். இந்த இரட்டை நாக்கை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 2020-இல் கொரோனா பரவியபோது, ஜிம் பேக்கர் என்னும் தொலைக்காட்சிச் சமயப் பேச்சாளரின் நிகழ்ச்சியில் வெள்ளிக் கரைசல் அந்நோய்க்கு உதவக்கூடும் என்ற பொருள்படப் பேசி விற்றனர். மிசௌரி மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 2021-இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, வாங்கியோர்க்கு 1,56,000 டாலர் திருப்பித் தர அவர் தரப்பினர் இசைந்தனர். அச்சம் மிகுந்த காலத்தில், அதுவும் சமயத்தின் பெயரால் நம்பிக்கை பெற்ற ஒருவர் வழியே இவ்வாணிகம் நடந்தது என்பது நம் போன்ற சிறு சமூகங்கள் சிந்திக்கத்தக்கது. நம்மிடையிலும் எந்த மருந்தும் கடை வழியே வருவதைவிட உறவினர் வழியே வருவதே மிகுதி. சித்தப்பா சொன்னதை எவர் மறுத்துக் கேட்பர்?

“பயன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கு இல்லையே” என்பார்க்கு ஒரு விடை உண்டு. நெடுங்காலம் வெள்ளியை உட்கொண்டால் அது உடலைவிட்டு முழுதும் வெளியேறாமல் தோலிலும் ஈறுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படியும். இதற்கு ஆர்ஜிரியா என்று பெயர். தோல் சாம்பல் கலந்த நீல நிறமாகிவிடும். பழைய புகைப்படச் சுருளில் ஒளிபட்ட இடம் கருத்ததும் வெள்ளியின் செயலே. ஏறத்தாழ அதே மாற்றம் தோலுக்குள் நிகழ்கின்றது. ஆதலின் வெயில் படும் முகமும் கைகளும் முதலில் நிறம் மாறும். மொன்டானா மாநிலத்தில் 2002-இல் செனட் தேர்தலில் போட்டியிட்ட ஸ்டான் ஜோன்ஸ் என்பாரின் முகம் இவ்வாறு நீலநிறம் அடைந்ததை உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் வெளியிட்டன. 2000-ஆம் ஆண்டு பிறக்கையில் கணிப்பொறிகள் பழுதாகி மருந்துத் தட்டுப்பாடு வரும் என அஞ்சி, 1999-இல் தாமே வெள்ளி நீர் தயாரித்துக் குடிக்கத் தொடங்கியவர் அவர். கணிப்பொறிகளுக்கு ஒன்றும் நேரவில்லை, நிறம் நிலைத்துவிட்டது. உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றும் மருந்துகள் இதற்குப் பயன்படுவதில்லை. அண்மைக் காலத்தில் லேசர் ஒளியால் சிலர்க்கு நிறம் குறைந்ததுண்டு. அது வலியும் செலவும் மிக்க சிகிச்சை.

அளவு குறித்தும் சிறிது கணக்கிடுவோம். வாழ்நாள் முழுதும் உட்கொண்டாலும் நிறமாற்றம் நேராது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வகுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 0.3 மில்லிகிராம். ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் வெள்ளி உள்ள நீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், குடித்தால் 0.05 மில்லிகிராம்தான் சேரும், எல்லைக்கு உட்பட்டதே. விற்போர் இக்கணக்கைக் காட்டுவர். அதில் பிழையும் இல்லை. ஆனால் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று விற்கப்படும் நீரில் அதே ஒரு தேக்கரண்டி 2.5 மில்லிகிராம், எல்லையைப் போல் எட்டு மடங்கு. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ இருபத்தைந்து மடங்கு! வீட்டில் கம்பி வைத்துச் செய்த நீருக்கு எந்த அளவும் தெரியாது. மேலும் இந்த எல்லை நிறம் மாறாதிருக்க வகுத்ததே அன்றி, அவ்வளவு குடித்தால் நோய் தீரும் என்பதற்காக வகுத்ததன்று. இரும்பு, துத்தநாகம் போல வெள்ளி உடலுக்கு வேண்டிய சத்தும் அன்று. வெள்ளிக் குறைவினால் வரும் நோய் என்று ஒன்று இல்லவே இல்லை.

“நம் சித்தர்கள் வெள்ளிப் பற்பம் தரவில்லையா?” என்ற கேள்வியும் எழும். தந்தனர். அது உலோகத்தைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறுகளில் அரைத்துப் புடமிட்டு ஆக்குவது. நோயாளியின் நாடி பார்த்து, அனுபானம் வகுத்து, குறித்த நாள் வரை மட்டும் மருத்துவர் கொடுப்பது. அதன் நன்மை தீமைகளைத் தனியே ஆராய வேண்டும். மின்கலத்தால் செய்த நீருக்கு அதன் பெயரைச் சான்றாகக் காட்டுவது, பிறர் வீட்டுப் பத்திரத்தைக் காட்டித் தன் நிலத்தை விற்பது போன்றது.

மீண்டும் மூதாட்டியாரிடம் வருவோம். தைராய்டு மாத்திரையாகிய தைராக்சின், சிலவகை நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை குடலில் ஏறுவதை வெள்ளி குறைக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. அவர்தம் மகனிடம் இதனைக் கூறினோம். குருதிச் சோதனையில் தைராய்டு அளவு சீர்கெட்டிருந்தது. அதற்கு வெள்ளி நீர்தான் காரணமா, மாத்திரையின் அளவு போதாமையா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது என்றே மருத்துவரும் கூறினார். ஆயினும் புட்டியை உடனே நிறுத்தச் சொன்னார். நான்கு மாதங்களாக அம்மையார் அதனை அருந்துகிறார் என்பது அதுகாறும் அம்மருத்துவர்க்குத் தெரியாது. ‘மருந்தன்று’ என்று சொல்லப்பட்டதால் அவரிடம் கூற வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை.

இதனை ஏற்கெனவே அருந்தி வரும் அன்பர்கள் தம் மருத்துவரிடம் புட்டியையே கொண்டுபோய்க் காட்டுவது நலம். பகல் வெளிச்சத்தில் ஈறுகளையும் நகங்களின் அடியில் உள்ள பிறைகளையும் பாருங்கள். பலர்க்கு நீலச் சாயல் முதலில் தென்படுவது அங்கேதான். மீந்த நீரைக் கிணற்றிலோ குளத்திலோ கொட்ட வேண்டா. வெள்ளி அயனி மீனுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்கட்கும் கொடிய நஞ்சு. அம்மையாரிடம் இவ்வொன்றைச் சொன்னபோதுதான் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, மூடி திறவாதிருந்த இரண்டு புட்டிகளையும் உள்ளிருந்து எடுத்து வந்து மகனிடம் கொடுத்து, வாங்கிய இடத்திலேயே திருப்பித் தந்துவிடுமாறு கூறினார்.