இரண்டாம் வகுப்புக்குச் சொல்ல வேண்டிய சேதி

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்காம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்றுவிட்டது என்று படித்ததும் நிம்மதி. வகுப்புப் பிள்ளைகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். வளைகாப்பு முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்கிறார் உன் மாமியார். கூட வேலை பார்க்கும் ஆசிரியையோ, சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, விடுப்பில் போகும்போது டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறாராம். மாமியார் சொல்வது அத்தைக்குப் புரிகிறது. மற்றவர் சொல்வதுதான் புரியவில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஒருவர் மாதக்கணக்கில் காணாமல் போனால் ஏழு வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? கொரோனா காலத்தை ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் இவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன தாத்தா திரும்பி வராத கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த வகுப்பில் இருப்பார்கள். டீச்சரும் அப்படித்தான் போய்விட்டார் என்று ஒரு பிள்ளை ராத்திரி அழுதால், அதற்கு யார் பதில் சொல்வது?

அந்தப் பொய் நிற்கவும் நிற்காது, கண்ணு. அங்கன்வாடி உன் பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்துமாவை வாங்க வருகிறவர்களில் இந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் சித்திகளும் இருப்பார்கள். கிராம சுகாதார செவிலியர் யார் வீட்டுப் படி ஏறினார், யாருக்குக் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் போட்டாயிற்று, சமுதாய வளைகாப்புக்கு யார் யார் போனார்கள் என்பதெல்லாம் குழாயடியிலேயே பேசித் தீர்ந்துவிடும். ஆடு குட்டி போடுவதைப் பட்டியில் நின்று பார்த்த பிள்ளைக்கு டீச்சர் வயிறு பெரிதாவது புரியாமல் போகாது. தெரிந்த சேதியைப் பெரியவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பதுதான் புரியாது. மறைப்பதால் அதில் ஏதோ வெட்கப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொள்ளும்.

இந்தக் கூச்சம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகரப் பள்ளி வாரியம் 1952இல் ஒரு விதி போட்டது. கர்ப்பமான ஆசிரியை பிரசவத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே சம்பளமில்லாத விடுப்பில் போய்விட வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து, அதற்குப் பிறகு தொடங்கும் பருவத்தில்தான் திரும்ப வரலாம். விதி வந்த காலத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர் பின்னாளில் சாட்சி சொல்லும்போது தந்த விளக்கத்தைக் கேள்: பிள்ளைகள் விரலை நீட்டிச் சிரிக்கிறார்களாம், எங்கள் டீச்சர் தர்பூசணியை முழுங்கிவிட்டார் என்று கேலி பேசுகிறார்களாம். பிள்ளைகள் சிரித்தால் டீச்சரை வெளியே அனுப்பு என்பதே அவர்கள் கண்ட வைத்தியம்! ஜோ கரோல் லாஃப்ளர் என்ற ஆசிரியை வழக்குப் போட்டார். 1974 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இரண்டு பேர் மறுபக்கமுமாக நின்று, அந்த விதி செல்லாது என்றது.

நம் பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு. தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். அரசுப் பணிக்கு வருமுன்பே முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மணமுறிவுக்குப் பின் அவர்கள் தந்தையிடம் வளர்ந்தார்கள். மறுமணத்துக்குப் பிறகு 2021இல் மகப்பேறு விடுப்புக் கேட்டார். இரண்டு குழந்தைகள் இருக்கிறார்களே என்று மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ஒரு முறை வென்று, மேல்முறையீட்டில் தோற்று, கடைசியில் 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். உன் ஊருக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் டெல்லிவரை போய் நிலைநாட்டிய உரிமை இது. எனவே தலைமை ஆசிரியரிடமானாலும் பிள்ளைகளிடமானாலும் ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லாதே.

அத்தை வேலை பார்த்த காலத்தில் விடுப்பு 90 நாள்தான். பள்ளி திறந்ததும் போன டீச்சர் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அதே வகுப்பில் வந்து நிற்பார். பிள்ளைகளுக்கு அது நீளமான ஒரு லீவு மாதிரி, அவ்வளவுதான். அதனால் யாரும் எதையும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. 2011இல் அது ஆறு மாதம் ஆனது, 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம். தாய்க்கும் சேய்க்கும் நல்ல காரியம். ஆனால் பிள்ளைகள் கணக்கில் நிலைமை தலைகீழாகிவிட்டது. நீ திரும்பும்போது இன்றைய இரண்டாம் வகுப்பு இரண்டாம் வகுப்பாக இருக்காது. நடுவில் மாறுதல் கலந்தாய்வு வேறு வரும். ஐந்தாம் வகுப்பு எடுப்பவராக இருந்தால் திரும்பும் நாளில் அந்தப் பிள்ளைகள் பள்ளியிலேயே இருக்கமாட்டார்கள். ‘டீச்சர் சீக்கிரம் வந்துருவேன்’ என்ற வாக்கு அன்று உண்மையாக இருந்தது, இன்று இல்லை. பாப்பா வரப்போகிற சேதியோடு இந்தச் சேதியையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், இதுதான் கடினமான பாதி.

தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் உன் சிநேகிதிக்கும் ஒரு வரி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டம். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று தாளாளர் கேட்டால் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்.

எப்போது சொல்வது? கருச்சிதைவுகளில் பெரும்பகுதி முதல் 12 வாரத்துக்குள் நடப்பவை. மூன்று மாதம் வெளியே சொல்லாதே என்று நம் பாட்டிமார் சொன்னதில் அனுபவம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நீ தாண்டிவிட்டாய். அதற்காக இன்றைக்கே சொல்லவும் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு ஐந்து மாதம் என்பது முடிவே இல்லாத காலம். தினமும் காலையில் ‘பாப்பா வந்துருச்சா டீச்சர்?’ என்று கேட்டு உயிரை வாங்கிவிடும். வயிறு வெளியே தெரிய ஆரம்பிக்கும் ஐந்து, ஐந்தரை மாதத்தில் சொன்னால் சரியாக இருக்கும். தேதியோ வாரக் கணக்கோ வேண்டாம். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது வேறு டீச்சர் வருவார் என்று அவர்களுக்குத் தெரிந்த நாள்களை வைத்துச் சொல். மாமியாரின் கண்ணேறு பயத்துக்குச் சாயங்காலம் சுற்றிப் போடட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

தலைமை ஆசிரியருக்கு இப்போதே சொல்லிவிடு. சின்னப் பள்ளியில் ஒருவர் போனால் அவர் வகுப்பும் மீதிப் பேர் தலையில் விழும். மாற்று ஏற்பாடு கேட்டு எழுத அவருக்கு நாள் வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே நாள் சாயங்காலம், கூட்டிப்போக வரும் அம்மாக்களிடமும் நீயே சொல்லிவிடு. பிள்ளை வீட்டில் போய் அரைகுறையாகச் சொல்லி, அது வாட்ஸ்அப் குழுவில் வேறு உருவம் எடுத்துத் திரும்பி வருவதைத் தவிர்க்கலாம்.

காலை உணவு சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக உட்கார்ந்திருக்கும் நேரமே இதற்கு ஏற்றது. கடைசி மணிக்கு முன்னால் சொன்னால் கேள்வி கேட்க நேரமில்லாமல் பிள்ளைகள் மனதுக்குள் வைத்துக்கொண்டு போய்விடும். நாலு வாக்கியம் போதும்: டீச்சர் வயிற்றில் பாப்பா வளருது, இன்னும் சின்னதா இருக்கு, பொங்கலுக்கு அப்புறம் டீச்சர் வீட்டில் இருந்து பாப்பாவைப் பார்த்துக்கணும், அப்போ உங்களுக்கு இன்னொரு டீச்சர் வருவாங்க. பிறகு வாயை மூடிக்கொள். கேள்விகள் தானாக வரும்.

முதல் கேள்வி ‘பையனா, பொண்ணா?’ என்பதாகத்தான் இருக்கும். பிறந்த பிறகுதான் தெரியும் என்று சொல். முன்கூட்டிச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம் என்பதால் டாக்டரும் சொல்லமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ‘பையன்தான் டீச்சர்!’ என்று ஒருவன் கத்துவான், உடனே வகுப்பு இரண்டு கட்சியாகும். அந்தப் பந்தயத்தில் நீ சேராதே. பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது. எதுவானாலும் டீச்சருக்குச் சந்தோஷம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. முன்வரிசைப் பெண் பிள்ளைகள் அதைக் கவனித்துக்கொள்வார்கள்.

பாப்பா எப்படி உள்ளே போச்சு என்று யாராவது கேட்டால் பதறாதே. அம்மா வயிற்றுக்குள்ளே பாப்பா வளர்வதற்கென்றே கர்ப்பப்பை என்று ஓர் இடம் இருக்கு, அங்கே ரொம்பச் சின்னதாக ஆரம்பித்துப் பெரிதாகும், தொப்புள் கொடி வழியாகச் சாப்பாடு போகும். இந்த வயதுக்கு இது போதும், இதில் பொய்யும் இல்லை. தன் தொப்புளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வகுப்பே சிரிக்கும். சாமி கொடுத்தது, ஆஸ்பத்திரியில் வாங்குவது என்ற கதைகள் வேண்டாம்.

உண்மையில் அவர்களுக்கு வேண்டிய விவரம் வேறு. இனிமேல் யார் எங்களுக்குப் பாடம் எடுப்பார்? அடிப்பாரா? நீங்க திரும்பி வருவீங்களா? பாப்பா வந்த பிறகு எங்களை மறந்துருவீங்களா? கடைசிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அன்று மத்தியானம் காரணமில்லாமல் சண்டை போடுகிறவன் அதைத்தான் கேட்கிறான். வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்து, அம்மா மடியை இப்போதுதான் விட்டுக்கொடுத்த பிள்ளைக்கு இது இரண்டாவது அடி. அவனைத் தனியாக உட்காரவைத்துப் பேசு. போன வருடம் பிரசவத்தில் குழந்தையை இழந்த வீட்டுப் பிள்ளையும் உன் வகுப்பில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அவள் அம்மாவுக்கு மட்டும் முந்தின நாளே சேதி போகட்டும்.

உடம்பு விஷயம் ஒன்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டால் அதன் தலை சரியாக உன் வயிற்றில்தான் இடிக்கும். பக்கவாட்டில் வந்து கட்டிக்கொள்ளப் பழக்கு. வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். உனக்கு இஷ்டமிருந்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம் என்று சொல். அனுமதி இல்லாமல் ஒருவர் உடம்பைத் தொடக்கூடாது என்று அவர்களுக்கு நடத்தும் பாடம் டீச்சர் உடம்புக்கும் பொருந்தும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மை விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதே. வேப்பிலை கட்டித் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். அந்த நாள்களில் பிள்ளை உன் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். உனக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு வை. வராதிருந்து, வகுப்பில் யாருக்காவது வந்துவிட்டால் அன்றே மருத்துவரைப் பார். ரூபெல்லாவும் கருவைப் பாதிப்பது. தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் நடந்தபோது 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் போட்டார்கள், அப்போது நீ கல்லூரியில் இருந்தாய். கர்ப்ப காலத்தில் அந்த ஊசியைப் போடவும் முடியாது. அடுத்த செக்கப்பில் இதைக் கேட்டுக்கொள்.

ஒரு வேளை சொன்ன பிறகு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு வரி எழுதி அடித்திருந்தாய், அடித்தது தெரிகிறது. அப்படி ஒன்று நடந்தால் பிள்ளைகளிடம் நீ போய் நிற்க வேண்டியதில்லை. தலைமை ஆசிரியர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார், அதற்கும் அவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். பேசி வைப்பதால் எதுவும் நடந்துவிடாது.

கிளம்பும் முன் புது டீச்சர் வகுப்புக்கு வந்து இரண்டு நாளாவது உன்னோடு இருக்க முடிந்தால் நல்லது. எண்ணும் எழுத்தும் திட்டப் பதிவேட்டில் கற்றல் நிலையில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்று இருக்கும். பதிவேட்டில் இல்லாதவற்றைத் தனி நோட்டில் எழுதிக் கொடு: யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, யார் சத்தம் போட்டால் உறைந்துவிடுவாள், யாரை யார் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது. அந்த நோட்டைப் பிள்ளைகள் முன்னாலேயே அவர் கையில் கொடு. உங்களைப் பற்றி எல்லாம் இதில் எழுதியிருக்கேன் என்று சொல்லு. ‘என்னைப் பத்தி என்ன எழுதினீங்க?’ என்று ஒவ்வொருவரும் வந்து கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல வரி தயாராக இருக்கட்டும்.

பாப்பாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதே. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நீ பள்ளிக்குத் தூக்கிவருவது சுலபம், முப்பது பிள்ளைகள் உன் வீட்டுக்கு வருவது சுலபமில்லை. எப்போது என்று நாள் குறிக்காமல் சொல்.

அப்பாவிடம் கொள்ளும் நாட்டுச் சர்க்கரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு போடாதே.

அன்புடன்,
அத்தை