வர்த்தமானி தந்த லாபம்

டைல்ஸ் கம்பனிப் பங்கு வாங்க நினைக்கிறவர் ஆண்டறிக்கையைத் திறக்கும் முன் இறக்குமதி வர்த்தமானியைத் திறந்து பார்க்க வேண்டும். அலவத்துகொடையில் டைல்ஸ் விற்றுக்கொண்டே அந்தக் கம்பனிகளின் பங்கையும் வாங்கியவன் நான். 2022 இல் எங்கள் குடும்பக் காசு கரைந்த பிறகு, ஊரில் பலர் என்னைத்தான் கை காட்டினார்கள். நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கும் உதவும்.

2020 இல் கொரோனாவும் வந்து டொலரும் இறுகியபோது அரசு பல பொருட்களின் இறக்குமதியை மறித்தது. டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதுவரை என் கடையில் பாதி இடம் குஜராத்தின் மோர்பியிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த டைல்ஸுக்குத்தான். அந்தச் சரக்கு தீர்ந்ததும் உள்ளூர் டைல்ஸைத் தவிர கேட்க வேறொன்றும் இல்லை. வீடு கட்டுகிறவர்கள் முற்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நிறம் பார்த்து, கோடு பார்த்து, மனைவியைக் கூட்டி வந்து காட்டி வாங்கிய மனிதர்கள், எது கிடைத்தாலும் போதும் என்றார்கள். டைல்ஸ் பாஸ்மார் காலையில் கடைக்கு வந்து பெட்டி வந்ததா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். கம்பனிகளின் லாபக் கணக்கு பத்திரிகையில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பங்கு வாங்க வேண்டிய சீ.டீ.எஸ். கணக்கைத் திறந்தேன்.

ரோயல் செரமிக்ஸ், லங்கா டைல்ஸ், லங்கா வோல்டைல்ஸ் மூன்றையும் வாங்கினேன். விலை ஏறியது. 2021 இல் ரோயல் செரமிக்ஸ் ஒரு பங்கைப் பத்தாகவும், மற்ற இரண்டும் ஒன்றை ஐந்தாகவும் பிரித்தன. மூன்று பெயரில் இருப்பதால் காசு பத்திரமாகப் பிரிந்திருக்கிறது என்று என் மச்சான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். ஆனால் 2013 இல் ரோயல் செரமிக்ஸ், மற்ற இரண்டையும் கையில் வைத்திருந்த லங்கா செரமிக்கை வாங்கியபோதே மூன்றும் ஒரே வீடாகிவிட்டன. ஒரே வர்த்தமானி, ஒரே காஸ், ஒரே வாடிக்கையாளர். டைல்ஸ் ஒட்டும் பசை செய்கிற சுவிஸ்டெக்கைச் சேர்த்து வாங்கினாலும் அதுவும் அதே கூட்டம்தான். காசைப் பிரிக்க நினைத்தால் வேறு தொழிலுக்குப் போக வேண்டும்.

இனி, எங்களுக்கு மிக அதிகமாகச் செலவு வைத்த விஷயத்துக்கு வருகிறேன். 2021 கடைசியில் வாப்பாவின் காணி விற்ற காசு கைக்கு வந்தது. அதில் ராத்தாவின் பங்கும் இருந்தது. என் லாபத்தைப் பார்த்திருந்த மச்சான் அந்தக் காசைச் சந்தையில் போட வேண்டும் என்றார். தரகர் நிறுவனத்து ஆலோசகர் ஒருவர் போனில் அவருக்குச் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: விலைக்கும் வருவாய்க்கும் உள்ள விகிதம் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது, இவ்வளவு உழைக்கிற கம்பனி இந்த விலைக்கு இனிக் கிடைக்காது. கூடவே, இருக்கிற காசுக்கு மேல் வாங்கக் கடனும் தருகிறோம் என்றார்.

நான் எதிர்த்தேன். இரண்டு காரணம் சொன்னேன். வட்டிக் காசு எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது முதலாவது. அதற்கு மச்சானிடம் பதில் இல்லை, ஆனால் கேட்கவும் இல்லை. இரண்டாவது, அந்த விகிதத்தைக் கணக்கிடப் பிடித்த வருவாய், போட்டி இல்லாத சந்தையில் வந்த வருவாய். வர்த்தமானி ஒரு நாள் மாறும். மாறினால் லாபம் இறங்கும், அப்போது மலிவாகத் தெரிந்த அதே விலை கூடுதலாகத் தெரியும். டைல்ஸ், சீமெந்து, கம்பி போன்ற கட்டடச் சாமான் கம்பனிகளில் லாபம் உச்சத்தில் நிற்கும்போதுதான் அந்த விகிதம் மிகக் குறைவாக இருக்கும். மற்றத் தொழில்களில் அது வாங்கச் சொல்லும் அடையாளம். இதில் விற்பதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம். இந்த ஒரு விஷயத்தை அந்த ஆலோசகர் சொல்லியிருக்க வேண்டும். படித்தவர், சொல்லவில்லை. நான் கடைக்காரன், சொன்னேன், எடுபடவில்லை.

2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000 ஐத் தாண்டியது. அந்த மாதம் என் பங்கில் ஒரு பகுதியை விற்றேன். மச்சான் கடனில் இன்னும் வாங்கினார். மார்ச் 7 இல் ரூபாய் மிதக்க விடப்பட்டது. ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. 12 ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. அடுத்த வாரம் பங்குச் சந்தையையே மூடினார்கள். அந்த வாரம் விற்க வழியில்லை, ஆனால் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. திறந்தபோது சுட்டெண் 8,000 க்கும் கீழே போனது. பின்னேரத்துக்குள் காசு கட்டாவிட்டால் விற்றுவிடுவோம் என்று தரகரிடமிருந்து போன் வந்தது. எங்கே போய்க் கட்டுவது? அடிமட்ட விலையில் அவர்களே விற்றார்கள். ராத்தாவின் காசும் அதோடு போனது. என்னிடம் மிச்சமிருந்த பங்குகளும் அதே அளவு இறங்கின, ஆனால் கடனில்லாததால் யாரும் அவற்றை விற்கச் சொல்லி என்னை நெருக்கவில்லை.

அந்த நாட்களில் ஊரில் இன்னொரு பேச்சு இருந்தது. பக்கத்து மாத்தளை மாவட்டத்தில் ஓவலையில் ஃபெல்ட்ஸ்பார் தோண்டுகிறார்கள், களி மீட்டியாகொடையிலிருந்து வருகிறது, மண் எல்லாம் நம் மண், டொலர் இல்லாவிட்டாலும் டைல்ஸ் கம்பனி நிற்கும் என்றார்கள். மண்ணைச் சுடுவது எதைக் கொண்டு என்று யாரும் கேட்கவில்லை. ஆயிரம் பாகைக்கு மேல் இரவு பகலாக எரிகிற சூளைக்குக் காஸ் வேண்டும், காஸ் கப்பலில் வருகிறது. சோற்றடுப்பை அணைப்பதுபோல் சூளையை நினைத்த நேரம் அணைத்து மூட்ட முடியாது. மின் கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூடியது. கம்பனி வரி 30 சதவீதமானது. திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீத வட்டி கிடைத்த காலத்தில் யார் பங்கு வாங்குவார்? வீடு கட்டுவதும் நின்றது, என் கடையில் டைல்ஸ் வெட்டும் சத்தமும் நின்றது. 2023 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. மோர்பிப் பெட்டிகள் மறுபடி என் கடைக்கு வந்த அன்றே, 2021 லாபம் இனித் திரும்பாது என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆகவே உங்கள் ஊர் டைல்ஸ் கடைக்கு வரும் பெட்டிகளைப் பாருங்கள். வாடிக்கையாளர் காத்திருக்கிறாரா, கழிவு கேட்கிறாரா என்று கவனியுங்கள். காஸ் விலையையும் உண்டியல் வட்டியையும் பாருங்கள். நீங்களும் கடை வைத்திருந்தால், பங்கு வாங்கக் கடை முதலைத் தொடாதீர்கள்.

வெளிநாட்டுக் கணக்கு வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் இப்போது அமெரிக்க கார்பெட் கம்பனிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கேயும் கதை தரையில்தான் இருக்கிறது. 2001 இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர், ஷா என்ற பெரிய கார்பெட் கம்பனியை வாங்கியது. அதன் பின் அந்த நாட்டு வீடுகள் மெல்ல மெல்லக் கார்பெட்டை விட்டு வினைலுக்கும் டைல்ஸுக்கும் மாறின. மோஹாக் என்ற கார்பெட் கம்பனி 2013 இல் இத்தாலியின் மராட்சி டைல்ஸையே வாங்கிக்கொண்டது. பிங்கா ஓயா பெருகினால் கடைக்குள் தண்ணீர் புகும் எங்கள் பக்கத்து அக்குறணையில் யாரும் கார்பெட்டை நம்பி விரிப்பதில்லை. எந்த ஊர்க் கம்பனியோ அந்த ஊர் மக்கள் எதன் மேல் நடக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

நான் இன்னும் லங்கா டைல்ஸ் பங்கு வைத்திருக்கிறேன். அதன் பங்கிலாபம் வரும்போது ராத்தாவுக்கு ஒரு பகுதியை அனுப்புகிறேன், அவர் இழந்ததில் கழித்துக்கொண்டு வருகிறேன். மச்சான் அந்தக் கணக்குக்கு இதுவரை ஒரு சதமும் தரவில்லை.