விரலை மறந்த கணினி

நுழையும்முன்

கடவுச்சொல் மறந்துபோகும் என்பதால்தான் விரலையே திறவுகோலாக வைத்துக்கொண்டோம். அந்த விரலைக் கணினி ஒருநாள் ஏற்க மறுத்தால் என்ன செய்வது? விடையைத் தேடும் வழியில், கைரேகையின் வரலாற்றில் நம் நாட்டுக்குள்ள பங்கையும் இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

தில்லி, சண்டிகர், இலக்னோ போன்ற நகரங்களில் குளிர்காலம் தொடங்கியதும் மடிக்கணினி வைத்திருப்போர் சிலருக்கு ஒரு தொல்லை நேர்கிறது. முந்தைய வாரம்வரை ஒரே தொடுதலில் திறந்த கணினி, இப்போது அதே விரலை அறியாததுபோல் நடந்துகொள்கிறது. மீண்டும் மீண்டும் அழுத்தினாலும் பயனில்லை. கருவி பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு செய்துவிடுகிறோம். பெரும்பாலும் அம்முடிவு அவசரமானது.

விரல்ரேகை உணரி எவ்வாறு செயல்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நம் விரல்நுனியில் மெல்லிய மேடுகளும் பள்ளங்களும் உள்ளன. நாம் கருவறையில் இருக்கும்போதே இவை உருவாகிவிடுகின்றன. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள உணரி, மிக நுண்ணிய மின்தகடுகளின் அடுக்கு ஆகும். விரலை வைக்கும்போது மேடுகள் அதனை ஒட்டியும் பள்ளங்கள் சற்று விலகியும் நிற்கும். இவ்வேறுபாட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் மின்னேற்றம் சிறிதளவு மாறுபடும். அம்மாறுபாடுகளைக் கொண்டு கணினி ஒரு வடிவத்தை வரைந்துகொள்கிறது. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்பன போன்ற அடையாளங்களைக் குறித்து வைக்கிறது. பிறகு நாம் விரல் வைக்கும்போதெல்லாம் அக்குறிப்போடு ஒப்பிடுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எந்த இரு தொடுதல்களும் முற்றிலும் ஒரே வடிவத்தைத் தருவதில்லை. ஆதலால் கணினி, இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மட்டுமே பார்க்கிறது. ஒற்றுமை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கதவு திறக்கும். அவ்வளவைத் தாழ்த்தினால் அயலார் நுழைந்துவிடக்கூடும். உயர்த்தினால் உரியவரே வெளியில் நிற்க நேரும். உரியவரைச் சில வேளை மறுப்பது, அயலாரைத் தடுப்பதற்காக நாம் கொடுக்கும் விலை எனலாம்.

குளிர்காலத்தில் தோல் உலர்ந்து வெடிப்பதால் மேடுகள் தகட்டோடு சரியாக ஒட்டுவதில்லை. ஈரக் கையாக இருந்தால் பள்ளங்களில் நீர் நிரம்பி வேறுபாடு மங்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு, விரலில் பட்ட வெட்டுக்காயம், உணரியின் மேல் படிந்த அழுக்கு ஆகியனவும் காரணங்களாம்.

இனிச் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். எதனையும் தொடுவதற்கு முன்பு, உங்கள் பின் எண்ணோ கடவுச்சொல்லோ நினைவில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இதனை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தில் பின் எண் அமைக்காமல் விரல்ரேகையைப் பதியவே இயலாது. சில முறை விரல் பொருந்தாமற்போனால், கணினி பின் எண்ணைத்தான் கேட்கும். இரண்டு ஆண்டுகளாக விரலையே நம்பியிருந்தவருக்கு அது நினைவுக்கு வருமா? கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று இந்நிலை வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்ட கணினியாயின், சில அடிப்படை அமைப்புகளை மாற்றியவுடன் 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் அது கேட்கக்கூடும். அதனைக் கணினிக்குள்ளேயே சேமித்து வைத்திருப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போன்றது. ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துக.

அடுத்து, பழுது விரலிலா கருவியிலா என்று பிரித்தறிய வேண்டும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மீண்டும் முயலுங்கள். உணரியை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். பதிவு செய்த வேறு விரல் இருந்தால் அதனையும் வைத்துப் பாருங்கள். அப்போது திரையைக் கவனியுங்கள். "பொருந்தவில்லை" என்னும் பொருள்பட ஏதேனும் செய்தி தோன்றினால், உணரி உயிரோடுதான் இருக்கிறது. எந்த அசைவுமே இல்லையென்றால் சிக்கல் வேறிடத்தில் உள்ளது.

உணரி இயங்கியும் விரல் பொருந்தவில்லையெனில், பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிதலே சிறந்த வழி. அமைப்புகள் பகுதியில் கணக்குகள் என்பதன்கீழ் உள்நுழைவு வழிகளைத் தேர்ந்தெடுத்தால் இதனைச் செய்யலாம். பதியும்போது பலர் விரலின் நடுப்பகுதியை மட்டும் வைத்துவிடுகின்றனர். உணரி சிறியது, ஒரு தொடுதலில் விரலின் ஒரு பகுதியையே அது காணும். எனவே நுனி, இடப்புறம், வலப்புறம் எனச் சிறிது சிறிதாக நகர்த்தி வையுங்கள். மற்றொரு கையின் விரலையும் சேர்த்துப் பதிவது நல்லது. காய்கறி நறுக்கும்போது ஒரு விரலில் காயம் பட்டாலும் இன்னொன்று உதவும்.

உணரி அசையவே இல்லையெனில், கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால் போதாதா என்று கேட்கலாம். விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்னும் வசதி இயங்கும்போது, அணைத்தாலும் கணினி தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மறுதொடக்கத்தில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதன் பின்னும் பயனில்லையேல், சாதன மேலாளரில் உயிரியளவைச் சாதனங்கள் என்னும் பிரிவைத் திறந்து பாருங்கள். அங்கே மஞ்சள் முக்கோணக் குறி இருந்தால் இயக்கி மென்பொருளில் குறை இருக்கலாம். கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் கணினியின் வகைக்கு உரிய இயக்கியை மட்டும் நிறுவுங்கள். அறியாத தளங்களை நாட வேண்டா. தூக்க நிலையிலிருந்து எழும்போது மட்டும் உணரி மறுத்தால், மின்சிக்கனத்திற்காக அச்சாதனத்தை அணைக்கலாம் என்னும் அனுமதியை நீக்கிவிடுங்கள். அப்பிரிவே காணப்படவில்லையெனில், கணினியின் அடிப்படை அமைப்பில் உணரி முடக்கப்பட்டிருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் இணைப்புப் பட்டை கழன்றிருக்கலாம். பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கிய கணினியில் இதனை முதலில் ஐயுறுக.

விரலை அடையாளமாகக் கொள்ளும் இவ்வழக்கத்தின் வரலாற்றில் வங்காளத்திற்குத் தனி இடம் உண்டு. 1858 ஆம் ஆண்டில் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அலுவலர், ராஜ்யதர் கோனாய் என்பவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவருடைய உள்ளங்கைப் பதிவைப் பெற்றார். பின்னர் 1877 இல் ஹூக்ளியில், ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் விரல்ரேகை பெறும் முறையைக் கொண்டுவந்தார். 1897 இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கப்பட்டது. அங்கே அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர், ஆயிரக்கணக்கான ரேகைகளுள் ஒன்றை விரைந்து தேடியெடுக்கும் வகைப்பாட்டை உருவாக்குவதில் பெரும்பங்காற்றினர். ஆயினும் அம்முறை, அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. அவ்விருவரின் பெயர்களை நாமாவது நினைவில் கொள்வோம்.

2010 செப்டம்பரில், மகாராட்டிர மாநிலத்தின் நந்துர்பார் மாவட்டத்துத் தெம்பிலி என்னும் சிற்றூரில் ஆதார் எண் வழங்கும் பணி தொடங்கியது. பத்து விரல்ரேகைகளும் இரு கருவிழிகளும் அதற்காகப் பதிவு செய்யப்படுகின்றன. மடிக்கணினி விரலை மறுத்தால் நாம் பின் எண்ணை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறோம். நியாயவிலைக் கடையின் கருவி மறுத்தால்? கல் உடைப்போர், சிமெண்டுக் கலவையில் கைவைத்து வேலை செய்யும் கொத்தனார், ஆண்டுக்கணக்கில் துணி வெளுத்தோர், முதியோர் ஆகியோரின் விரல்மேடுகள் தேய்ந்துபோயிருக்கும். அவர்களுக்கு அது அந்த மாத அரிசியைப் பற்றிய கேள்வி. உழைத்ததற்கான அடையாளமே அவர்களது அடையாளத்தை மறைத்துவிடுவது கொடுமையன்றோ?

இதற்கு மாற்று வழிகள் உள்ளன. கருவிழி, முகம், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண் ஆகியவற்றாலும் ஆதாரைச் சரிபார்க்க இயலும். விரல்ரேகைகளைப் பதிவு மையத்தில் புதுப்பிக்கவும் செய்யலாம். ஆனால் கைப்பேசி எண்ணை முன்பே இணைத்திருந்தால்தான் கடவெண் வந்து சேரும். பாட்டி, தாத்தா பலர் இதனை அறியார். உங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஐந்து வயது நிறைந்ததும் ஒருமுறை, பதினைந்து நிறைந்ததும் ஒருமுறை விரல்ரேகை முதலியவற்றைப் புதுப்பித்தல் கட்டாயம். பதினைந்து நிறைந்தோர் இவ்வாண்டே வீட்டாரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்பொருள்

உணரி – தொடுகை முதலியவற்றை அறியும் கருவி; மறையாக்கம் – பிறர் படிக்க இயலாதவாறு தரவை மாற்றுதல்; ஐயுறுதல் – சந்தேகித்தல்; வகைப்பாடு – இனம் பிரித்து முறைப்படுத்துதல்.

பயிற்சி

1. குளிர்காலத்தில் விரல்ரேகை உணரி விரலை ஏற்க மறுப்பது ஏன்?
2. பழுது விரலில் உள்ளதா, கருவியில் உள்ளதா என்பதை எவ்வாறு பிரித்தறியலாம்?
3. ஒற்றுமை அளவை மிகவும் உயர்த்தினாலும் மிகவும் தாழ்த்தினாலும் நேரும் விளைவுகளை நும் சொற்களில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: கருவறை, மின்னேற்றம், அவ்விருவர்.
5. நியாயவிலைக் கடையில் விரல்ரேகை பொருந்தாமல் திரும்பிய முதியவர் ஒருவருக்காக, மாற்று வழியில் சரிபார்க்குமாறு வேண்டி வட்ட வழங்கல் அலுவலருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.