முறுக்குக் கம்பியா, 500டி-யா?

சங்கரன்கோவில் பக்கத்துக் குருவிகுளம் வட்டாரம் கரிசல் பூமி. மழையில் மண் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். இங்கே வீடு கட்டுபவர் கம்பியின் பலத்தை மட்டும் கேட்டால் போதாது. அறுந்துபோகாமல் எவ்வளவு நீண்டுகொடுக்கும் என்றும் கேட்க வேண்டும்.

பழைய கொத்தனார்கள் வாயில் இன்றும் ‘முறுக்குக் கம்பி’ வரும். சாதாரண மென்னிரும்புக் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் விசையில் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். கம்பியைச் சூடாக்காமல் முறுக்கி அந்த எல்லையை 415-க்கு உயர்த்தினார்கள். உலோகம் நுண்ணிய படிகமணிகளால் ஆனது. முறுக்கும்போது மணிகளுக்குள் அணுவரிசைப் பிசகுகள் பெருகி, ஒன்றையொன்று நகரவிடாமல் மறிக்கின்றன, கம்பி இறுகுகிறது. இதற்கு விலையும் உண்டு. நீளும் தன்மை குறையும், உள்ளே தேங்கும் இறுக்கத்தால் துரு சீக்கிரம் பிடிக்கும், வெல்டிங் சூட்டில் ஏறிய பலம் இறங்கும்.

இந்த முறுக்கை எதுவரை கொண்டுபோகலாம்? அமெரிக்க இயற்பியலாளர் பிரிட்ஜ்மேன், உலோகத்தைப் பேரழுத்தத்தில் நசுக்கியபடியே முறுக்கிப் பார்த்தார். 1970களில் சோவியத் அறிஞர் செகால், உலோகக் கட்டையை முழங்கை போல் மடங்கிய துளை வழியே தள்ளினார். கட்டையின் பருமன் மாறாததால் திரும்பத் திரும்பத் தள்ள முடிந்தது. இப்படிச் செய்தால் மணிகளே உடைந்து, ஒரு மைக்ரானுக்கும் கீழே சிறுத்துப்போகும். மணி சிறுத்தால் பலம் கூடும் என்பதை ஹால் 1951-லும் பெட்ச் 1953-லும் காட்டியிருந்தார்கள். பல் மருத்துவத்தில் பதிக்கும் டைட்டானியத் திருகுக்கு இந்த வித்தை பொருந்தும். வீட்டுக் கம்பிக்குக் கட்டுபடியாகாது. நீளும் தன்மை குறைகிற பழைய தொல்லையும் பெரும்பாலும் கூடவே வரும்.

டி.எம்.டி. கம்பி வேறு வழியில் போகிறது. உருட்டாலையிலிருந்து செக்கச்செவேலென வரும்போதே தண்ணீர் பீய்ச்சுவார்கள். மேல்தோல் கடினமாகும், உள்ளிருந்து வரும் சூடு அந்தத் தோலைப் பதப்படுத்தும், நடுப்பகுதி மிருதுவாகவே நிற்கும்.

அதிலும் பலத்தின் எல்லையைக் குறிக்கும் ரக எண்களில் 550 என்ற பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். இந்தியத் தர விதிப்படி 550 ரகம் குறைந்தது 10 சதவீதம் நீண்டால் போதும், 500 ரகம் 12. 500டி-யோ 16 சதவீதம் நீள வேண்டும். கரிசலுக்கு அதுவே தோது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்கலாம். முறுக்குக் கம்பி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஒருமுறை மடக்கிய கம்பியை நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபடி மடக்கவும் விடக் கூடாது. முதல் மடக்கிலேயே அந்த இடம் இறுகியிருக்கும். விரிசல் அங்கேதான் விழும்.