ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் புறப்படுவோம்



ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று ஒருவர் கேட்டார். முதலில் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதீயில் வருகிறது. இன்று நம் வாசலில் நிற்பது கார். அதில் கட்ட வேண்டியது சீட் பெல்ட்.

நிக்காஹ்வுக்கோ மருத்துவமனைக்கோ குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பெரும்பாலும் முன்னால் இருப்பவர்கள் மட்டுமே பெல்ட் போடுகிறோம். "பின் சீட்டுக்கு எதற்கு?" என்கிறோம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்தின் சுவரில் மோதியது. விலையுயர்ந்த கார்தான். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்துடன் பிழைத்தனர். பின்னால் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தனர். அவர்கள் இருவரும் பெல்ட் அணியவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது.

காரணம் எளிது. மோதியதும் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நொடியில் மடியிலுள்ள 10 கிலோ குழந்தை சுமார் 200 கிலோ பாரமாகிவிடும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், முன் சீட்டில் இருப்பவரையும் நசுக்கிவிடுவார்.

"பள்ளத்தில் உருண்டால் பெல்ட் போட்டவர் மாட்டிக்கொள்வார்" என்பது நம் மலையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மை நேர்மாறானது. கார் உருளும்போது வெளியே வீசப்படுபவருக்கே ஆபத்து அதிகம். நம்மை உள்ளே பிடித்து வைப்பது பெல்ட்தான்.

ஹெட்ரெஸ்ட் தூங்குவதற்கான தலையணை அல்ல. பின்னாலிருந்து வண்டி இடித்தால் சீட் நம் முதுகை முன்னே தள்ளும். தலை பின்தங்கிக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கவே அது இருக்கிறது.

புறப்படும் முன் கவனியுங்கள்:

- பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பு எலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே போட வேண்டும்.
- தடித்த ஜெர்கினுக்கு மேல் போட்டால் பெல்ட் தளர்ந்திருக்கும். ஜிப்பைத் திறந்து, பட்டையை உடலோடு ஒட்டி இழுத்துவிடுங்கள்.
- ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வரட்டும். குறைந்தது காதின் மேற்பகுதிக்காவது வர வேண்டும். தலை அதற்கு அருகிலேயே இருக்கட்டும்.
- சிறு குழந்தைக்கு மடி வேண்டாம். அதற்குரிய தனி இருக்கை வேண்டும்.

பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் நாம் அஞ்ச வேண்டியது அதற்கல்ல. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லோரும் பெல்ட்டை மாட்டுவோம். பயண துஆவை ஓதுவோம். பிறகு வண்டியை எடுப்போம்.