விளக்கும் சாக்கடையும்

பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் நர்சிங் முதலாண்டு படிக்கிறாள். சென்னை அயனம்பாக்கத்தில் இது அதிசயமில்லை. வானகரம்–அம்பத்தூர் சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், கொண்டையை வலைக்குள் இறுக்கி முடிந்த சீருடைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். போன மாதம் அவளுக்கு விளக்கேற்றும் விழா. என்னையும் அழைத்திருந்தார்கள்.

அரங்கில் மின்விளக்குகளை அணைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் அலாவுதீன் கதையில் வருவதுபோல மூக்கு நீண்ட ஒரு சிறிய விளக்கு. எல்லாரும் ஒரே குரலில் நைட்டிங்கேல் உறுதிமொழியைச் சொன்னார்கள். பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். “படிப்பு கிடக்கட்டும்க்கா. இந்த வேலைக்கு மனசு இளகணும். அது இருந்தா போதும்.”

அந்த நேரத்தில் மறுத்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது. இவ்வளவு அன்போடு சொல்லப்படும் இந்த நம்பிக்கைதான் செவிலியர்களுக்கு அதிகக் கெடுதல் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் சிறிய திருத்தங்கள்.

நம்பிக்கை: அந்த விளக்கும் உறுதிமொழியும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தந்தவை.

உறுதிமொழியை அவர் எழுதவில்லை. 1893ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில் ஒரு குழு, மருத்துவர்களின் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியைப் பின்பற்றி எழுதி, மரியாதைக்காக அவர் பெயரை வைத்தது. அவர் ஏந்திய விளக்கும் இந்த வடிவத்தில் இருக்கவில்லை. துருக்கியில் அன்று புழங்கிய, மடித்து விரிக்கக்கூடிய கூண்டு விளக்கு அது. உள்ளே ஒரு மெழுகுவத்தி எரியும். செவிலியர்களை ‘சிஸ்டர்’ என்று நாம் கூப்பிடுவதால் அவரைக் கன்னியாஸ்திரீ என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. அவர் எந்த மடத்திலும் சேர்ந்தவரல்லர்.

நம்பிக்கை: இரவில் விளக்கோடு சுற்றிவந்த கருணைதான் படைவீரர்களைப் பிழைக்கவைத்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820 மே 12ல் பிறந்தவர். பெரும் செல்வந்தர் வீட்டுப் பெண். பதினாறு வயதில், 1837 பிப்ரவரி 7 அன்று, கடவுள் தன்னைத் தம் பணிக்கு அழைத்ததாகக் குறித்து வைத்தார். என்ன பணி என்பது தெளியப் பல ஆண்டுகள் ஆயின. தெளிந்தபிறகு வீட்டார் விடவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடிகாரி, நடத்தை கெட்டவள் என்று பேச்சு. வந்த நல்ல வரனையும் அவர் வேண்டாமென்றார். 1851ல்தான் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில், கிறிஸ்தவ ஊழியப் பெண்கள் நோயாளிகளைக் கவனிக்கும் நிறுவனத்தில், சுமார் மூன்று மாதம் பயிற்சி பெற முடிந்தது.

கிரிமியப் போர் வந்தது. 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டரி இராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர்களில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள், ஆங்கிலிக்கச் சகோதரிகள், சம்பளத்துக்கு வேலை பார்த்த தாதிகள் எல்லாரும் இருந்தார்கள். துணி துவைக்க ஏற்பாடு செய்தார், சத்தான உணவு கொடுத்தார், இரவில் படுக்கை படுக்கையாகப் போய்ப் பார்த்தார். எல்லாம் உண்மை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். காயத்தால் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, காலரா, டைஃபஸ் காய்ச்சல் ஆகியவற்றால் செத்தவர்கள்தான் பலர். கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடைகளைக் கழுவிவிட்டது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது, காற்றோட்டத்துக்கு வழி செய்தது, குடிநீர் வரும் வழியில் கிடந்த குதிரைப் பிணத்தை அகற்றியது. ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

பட்டினியும் குளிரும் களைப்பும்தான் காரணம் என்று முதலில் அவரும் நினைத்திருந்தார். ஊர் திரும்பியதும் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து இறப்புக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. தான் கண்விழித்துக் காத்த வார்டுகளில், தன் காலடியில் இருந்த சாக்கடையே படைவீரர்களைக் கொன்றிருக்கிறது. ஊரே தெய்வமாகக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. மூடி மறைத்திருக்கலாம். அவர் அதை ரோஜா இதழ் விரிந்தாற்போன்ற ஒரு வரைபடமாக்கி 1858ல் அச்சிட்டார். எந்த மாதத்தில், எந்தக் காரணத்தால், எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்த உடனே தெரியும் படம் அது.

அவருடைய பக்தியின் இயல்பே இதுதான். உலகம் கடவுள் வகுத்த விதிகளின்படி இயங்குகிறது, அந்த விதிகளை எண்ணியும் அளந்தும் கண்டுபிடிப்பதே அவர் சித்தத்தை அறியும் வழி என்று நம்பினார். நோயை ‘கடவுள் விட்ட வழி’ என்று ஏற்றுக்கொள்வது அவருக்கு அவபக்தியாகத் தோன்றியிருக்கும். அடைப்பைத் திறக்காமல் செய்யும் பிரார்த்தனையில் அவருக்கு மதிப்பில்லை.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. இருந்தும் நம்மைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். இங்கிருந்த பிரிட்டிஷ் படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாவதை 1863ல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது.  தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, பாசனத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நைட்டிங்கேல் வாதாடினார். சிப்பாய்க்காகத் தொடங்கிய கணக்கு, இந்தியக் குடியானவன் வரைக்கும் வந்து சேர்ந்தது.

நம்பிக்கை: ஐடா ஸ்கடர் ஒரே இரவில் மனம் மாறினார், மருத்துவமனை கட்டினார், செவிலியர்கள் தானாக வந்து சேர்ந்தார்கள்.

ஐடா தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய்வந்த குடும்பங்களில் அந்த இரவின் கதை தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அது வேலூரில் நடக்கவில்லை, திண்டிவனத்தில் நடந்தது. 1870ல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, அப்பாவையும் தாத்தாவையும்போல மிஷனரி ஆக விரும்பியதே இல்லை. அமெரிக்காவிலிருந்து, நோயுற்ற அம்மாவைக் கவனித்துக்கொள்ளத்தான் வந்திருந்தார். ஓர் இரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. டாக்டரான அப்பாவை அனுப்புவதாக ஐடா சொன்னார். ஆண் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த இரவில் இரக்கத்துக்கு என்ன பஞ்சம்? ஐடாவிடம் நிறையவே இருந்தது. அது ஒரு பெண்ணைக்கூடக் காப்பாற்றவில்லை. அவர் படிக்கப் போனார். 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம், 1900ல் வேலூர், 1902ல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை. தனி ஒருத்தியால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1909ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

தானாக யாரும் வந்துவிடவில்லை. ரத்தம், மலம், பிணம் என்று எல்லாவற்றையும் தொடும் வேலை. தீட்டு பார்த்த சமூகத்தில் எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? அதனால்தான் தொடக்க காலத்தில் தென்னிந்தியச் செவிலியர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களாக இருந்தார்கள். மதம் பரப்பத்தானே வந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஐடா தன் விசுவாசத்தை ஒளித்து வைக்கவில்லை, சுவிசேஷம் சொல்லவே வந்ததாக வெளிப்படையாகச் சொன்ன குடும்பம் அது. ஆனால் யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்ற கணக்கு செல்லுபடியாகாத ஓர் அறையை இந்த மண்ணில் உண்டாக்க அந்த விசுவாசம் உதவியது. இதை ஒப்புக்கொள்ள நாம் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. 1946ல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பே வந்துவிட்டது. தீட்டு பார்த்த நமக்கு ‘செவிலி’ புதிய சொல்லுமன்று. சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுக்கும் தாய் அவள். பெற்றவளுக்கு இணையாக அவளை வைத்த மொழியைப் பேசிக்கொண்டே, நோயாளியைத் தொட்டுக் கழுவியவளை வாசலில் நிறுத்தினோம்.

நம்பிக்கை: இது சேவை. சேவைக்குச் சம்பளக் கணக்கு பார்க்கலாமா?

நைட்டிங்கேல் பார்த்தார். 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பள்ளியில், பயிற்சிக்கு வந்த பெண்களுக்குத் தங்குமிடம், உணவு, சீருடை ஆகியவற்றோடு ஆண்டுக்குப் பத்து பவுண்டு கொடுக்கப்பட்டது. படிக்கும்போதே பணம்.

நம் ஊரிலோ, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். தேர்வெழுதி 2015ல் பணிக்கு வந்தவர்கள். அவர்கள் வாங்கிய மாதச் சம்பளம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டார்கள். நோயாளிகளை விட்டுவிட்டு வரலாமா என்று அவர்களைத்தான் திட்டினோம். மனசு இளகினால் போதும் என்று தொடங்கும் பேச்சு இந்த இடத்தில் வந்து முடிவதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது சொன்னேன். அவர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். “அப்போ மனசு வேணாங்கிறியாக்கா?”

“வேணும்மா. அந்த மனசுதான் ஐடாவைப் படிக்கப் போகச் சொல்லுச்சு.”

பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, உடற்கூறியல் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். முதல் மாதத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

“கை கழுவ, பெரியம்மா” என்றாள். எழுந்து வந்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று தண்ணீர் இல்லாமலே வரிசையாகச் செய்துகாட்டினாள். அவள் அம்மாவும் ஈரக் கையோடு கூடவே செய்து பார்த்தார்.